பீசோ டிரான்ஸ்ஃபார்மர் சூடானால் என்ன ஆகும்: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பீசோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் அதிர்வெண்ணைக் கொடுக்கிறீர்கள். முதல் நிமிடம் வோல்டேஜ் அருமையாக வருகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. உடனே உள்ளே இருக்கும் பீங்கான் பட்டை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது, சூட்டில் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் நகர்ந்திருக்கும், நீங்கள் பழைய இடத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வெப்பநிலைப் பிரச்சினைகளில் முக்கால்வாசி இப்படிச் சுருதி விலகுவதுதான். மீதி கால்வாசி உண்மையிலேயே ஆபத்தானது. எது எது என்று பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி ஓடுகிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் கம்பிச் சுருளும் இல்லை, இரும்பு உள்ளகமும் இல்லை. நீளமான ஒரு பீங்கான் பட்டை, அவ்வளவுதான். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த சார்லஸ் ரோசன் உருவாக்கியதால் இந்த வகைக்கு ரோசன் வகை என்று பெயர். பட்டையின் ஒரு பாதியில் மேலும் கீழும் வெள்ளிப் பூச்சு இருக்கும், அதுதான் உள்ளீடு. மறுபாதி வெறும் பீங்கான், அதன் கடைசி முகத்தில் மட்டும் பூச்சு, அது வெளியீடு. உள்ளீட்டில் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் பட்டை நீளவாக்கில் அதிரும், அந்த அதிர்வு மறுமுனையில் உயர் வோல்டேஜாக வெளிவரும். பழைய லேப்டாப் திரைகளின் பின்விளக்குக் குழாயை எரிய வைக்க இதைப் பயன்படுத்தினார்கள், இப்போது கையடக்கமான குளிர் பிளாஸ்மா கருவிகளில் பார்க்கலாம்.

பட்டையின் பொருள் பி.இசட்.டி. எனப்படும் ஈய சிர்கோனேட் டைட்டனேட். அதில் ஒலி நொடிக்குச் சுமார் 3,300 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 40 மில்லிமீட்டர் நீளப் பட்டையில் ஒரு முழு அலை அடங்கும் அதிர்வெண் 82 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும், அரை அலை அடங்குவது அதில் பாதி. இந்த ஒரே அதிர்வெண்ணை ஒட்டிய குறுகலான சந்தில்தான் இது வேலை செய்யும், அந்தச் சந்து சூட்டோடு சேர்ந்து நகரும்.

சூடு எதையெல்லாம் மாற்றுகிறது

முதலாவது, அதிர்வெண். பீங்கான் சூடானால் அதன் விறைப்பு மாறும், பெரும்பாலான பி.இசட்.டி. கலவைகளில் குறையும், அதனால் ஒத்ததிர்வு கீழே இறங்கும். கச்சேரி மேடையில் விளக்குச் சூட்டில் தம்புராவின் சுருதி இறங்குகிற மாதிரிதான். ஆனால் எல்லாக் கலவையும் ஒரே மாதிரி இல்லை, மேலே ஏறுகிறவையும் உண்டு, ஆகவே உங்கள் கையில் இருப்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு இறங்கினால் பாதிப்பு? ஒரு கணக்குப் போடுவோம். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 டிகிரி சூடானால் 0.3 சதவீதம், அதாவது 82 கிலோஹெர்ட்ஸில் 246 ஹெர்ட்ஸ். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் ஒத்ததிர்வு உச்சம் எவ்வளவு கூர்மையானது என்பதன் அளவுதான் கியூ. லோடோடு சேர்ந்த கியூ மதிப்பு 200 என்றால், பழைய அதிர்வெண்ணிலேயே ஓட்டும்போது வெளியீடு 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கியூ 1,000 என்றால் வெறும் 16 சதவீதம். கியூ எவ்வளவு உயர்வோ அவ்வளவு நல்லது என்று டேட்டாஷீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், வெப்பநிலை விஷயத்தில் அதே கியூதான் காலை வாரிவிடும்.

இரண்டாவது, இழப்பு. சூடு ஏற ஏறப் பொதுவாக கியூ குறையும், மின்காப்பு இழப்பு கூடும், இரண்டுமே மேலும் சூட்டைத்தான் உண்டாக்கும். மூன்றாவது, மின்தேக்குத்திறன். உள்ளீடு, வெளியீடு இரண்டு பக்கமும் சூட்டில் உயரும். வெளியீட்டில் இது உயர்ந்தால் உங்களுக்கு ஏற்ற லோடும் மாறிவிடும், ஏனென்றால் சிறந்த செயல்திறன் கிடைக்கும் லோடு மின்தடை, அந்த மின்தேக்கி அந்த அதிர்வெண்ணில் காட்டும் மறுப்புக்குச் சமம். 82 கிலோஹெர்ட்ஸில் 15 பிக்கோபாரட் என்றால் சுமார் 130 கிலோ ஓம். மின்தேக்குத்திறன் உயர உயர இந்த எண் குறையும்.

நான்காவதுதான் திரும்பி வராத சேதம். பீங்கானைத் தொழிற்சாலையில் உயர் மின்புலம் கொடுத்து முனைவாக்கியிருப்பார்கள், அதாவது உள்ளே இருக்கும் மின்முனைவுகளை ஒரே திசையில் திருப்பியிருப்பார்கள். கியூரி வெப்பநிலையைத் தாண்டினால் அந்த முனைவாக்கம் போய்விடும், பட்டை வெறும் ஓட்டுத்துண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பயன்படும் கடின வகைகளில் இது 300 டிகிரியை ஒட்டி இருக்கும். அதுவரை போகலாம் என்று அர்த்தமில்லை. செல்சியஸில் கியூரி எண்ணின் பாதிதான் எல்லை என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு, அதிர்ந்துகொண்டிருக்கும் பட்டைக்கு அதற்கும் கீழே நிற்பது நல்லது.

படி 1: சாமான்கள்

ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்காவது நுணுக்கமாகத் திருப்பக்கூடிய சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். பழைய குமிழ் வைத்த ஜெனரேட்டர் தானே நகரும், அதை வைத்துக்கொண்டு பட்டை நகர்ந்ததா கருவி நகர்ந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆர்டுயினோவோடு ஏடி 9833 சிப் பலகை ஒன்றைச் சேர்த்தாலே போதும், அதன் நுணுக்கம் 0.1 ஹெர்ட்ஸ். அப்புறம் ஆஸிலோஸ்கோப், மின்தேக்குத்திறனை அளக்க எல்.சி.ஆர். மீட்டர், அகச்சிவப்பு வெப்பமானி, உயர் வோல்டேஜ் தாங்கும் மின்தடைகள்.

இரண்டு எச்சரிக்கை. வெளியீட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரலாம், கரண்ட் குறைவு என்றாலும் அசட்டையாகக் கை வைக்காதீர்கள். பட்டையில் ஈயம் இருக்கிறது, அதனால் அரமும் உப்புத்தாளும் வேண்டாம், உடைந்தால் தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், சூடேற்றுவதற்குச் சமையல் ஓவனைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 2: பிடிக்கும் இடம்

பட்டை அதிரும்போது சில இடங்கள் அசையாது, அவைதான் கணுக்கள். முழு அலை முறையில் நீளத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் இருக்கும், 40 மில்லிமீட்டர் பட்டையில் 10லும் 30லும். அரை அலை முறையில் நட்ட நடுவில். பிடிப்பு இங்கே மட்டும்தான் இருக்க வேண்டும், மெத்தென்ற சிலிகான் ரப்பரில். இரட்டைப் பக்க ஃபோம் டேப்பை ஒட்டிவிட்டு வேலையை முடிக்கலாம் என்று தோன்றும், ஆனால் சூட்டில் அதன் பசை இளகும், பிடிப்பு மாறும், நீங்கள் அளப்பது பீங்கானையா டேப்பையா என்று தெரியாமல் போகும்.

அசைவு இல்லாத கணுவில்தான் பீங்கானுக்குள் உண்டாகும் இறுக்கம் மிக அதிகம், இறுக்கம் அதிகமான இடத்தில்தான் சூடும் அதிகம் பிறக்கிறது. பி.இசட்.டி. வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம் என்பதால் அந்தச் சூடு முனைகளுக்கு எளிதில் போய்ச் சேராது. அரை அலை ரோசன் பட்டையில் இந்தக் கணு, இரண்டு விதமாக முனைவாக்கிய பகுதிகள் சேரும் எல்லையிலேயே வந்து விழுகிறது. இறுக்கம், சூடு, பலவீனமான இணைப்பு மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால், விரிசல் விழும்போது அங்கேதான் விழும்.

உள்ளீட்டு ஒயர்களைக் கணுவுக்கு நேராகப் பற்றவையுங்கள். வெளியீட்டு முகம் நன்றாக ஆடும் இடம், அங்கே முடி போன்ற ஒயர், துளி ஈயம், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளிப் பூச்சு சாதாரண ஈயத்தில் கரைந்துவிடும், கொஞ்சம் வெள்ளி கலந்த சோல்டர் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சோல்டரிங் அயர்ன் முனை 300 டிகிரியைத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம், ஓரிரு நொடியில் எடுத்துவிட வேண்டும், ஒட்டவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி.

படி 3: அறை வெப்பநிலையில் ஒரு அடிப்படை அளவு

டிரைவை, அதாவது உள்ளீட்டில் கொடுக்கும் வோல்டேஜை, குறைவாக, ஓரிரு வோல்ட்டில் வைத்து, லோடு மின்தடையை மாட்டி, அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்தி உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். உச்சத்திலிருந்து 70 சதவீதத்துக்கு இறங்கும் இரண்டு அதிர்வெண்களையும் குறித்துக்கொண்டால், உச்ச அதிர்வெண்ணை அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து கியூவைப் பெறலாம். லோடைக் கழற்றிவிட்டு முழு டிரைவ் கொடுக்காதீர்கள், லோடு இல்லாதபோதுதான் அதிர்வு உச்சத்துக்குப் போகும், பட்டை இரண்டாக உடைவதும் அப்போதுதான்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் சிக்கும் ஒரு விஷயம், ஆஸிலோஸ்கோப் புரோப். சாதாரண பத்து மடங்கு புரோபின் மின்தேக்குத்திறன் பத்துப் பன்னிரண்டு பிக்கோபாரட். ரோசன் பட்டையின் வெளியீடும் கிட்டத்தட்ட அதே அளவு. புரோபை வைத்த கணமே நீங்கள் வேறொரு டிரான்ஸ்ஃபார்மரை அளக்கிறீர்கள், போதாக்குறைக்கு அந்த புரோப் சில நூறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. லோடையே தொடராகச் சில மின்தடைகளாகப் பிரித்து, தரைப் பக்கம் ஒரு சிறு மின்தடையின் குறுக்கே அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அறை வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். டேட்டாஷீட் எண்கள் பொதுவாக 25 டிகிரிக்கு. ஏசி இல்லாத அறையில் மே மாதம் மதியம் அளந்தால் ஆரம்பத்திலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடும்.

படி 4: வெளியிலிருந்து சூடேற்றுங்கள்

இந்தப் படியில் பட்டை தன் சொந்த அதிர்வால் சூடாகக் கூடாது, அதனால் டிரைவை ஓரிரு வோல்ட்டிலேயே வையுங்கள். தெர்மோஸ்டாட்டும் ஒரு குண்டு பல்பும் வைத்த மூடிய பெட்டி போதும். 30 டிகிரியில் தொடங்கி, பத்துப் பத்தாக 80 வரை போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது நிமிடமாவது காத்திருந்து, உச்ச அதிர்வெண், உச்சத்தில் வோல்டேஜ், கியூ, இரு பக்க மின்தேக்குத்திறன் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

காத்திருப்பு ஏன் இருபது நிமிடம் என்றால், 40க்கு 8க்கு 2 மில்லிமீட்டர் பட்டையின் எடை சுமார் 5 கிராம், ஒரு டிகிரி சூடேற்ற 2 ஜூல் வேண்டும், அசையாத காற்றில் அதன் மேற்பரப்பு டிகிரிக்கு 8 மில்லிவாட் அளவில்தான் வெப்பத்தை வாங்கும் அல்லது விடும். வகுத்தால் நான்கு நிமிடம் வருகிறது, நிலைப்பதற்கு அதைப் போல ஐந்து மடங்கு. பெட்டியின் வெப்பமானி 60 காட்டிய உடனே அளந்தால் உங்கள் வரைபடம் முழுக்கப் பொய்.

மீட்டரைக் காப்பாற்றும் விஷயம் ஒன்று. பி.இசட்.டி. சூடாகும்போதும் ஆறும்போதும் தானே மின்னூட்டத்தை உண்டாக்கும். சில பிக்கோபாரட் கொண்ட வெளியீட்டில் அது பெரிய வோல்டேஜாக ஏறி நிற்கும், அந்த நிலையில் எல்.சி.ஆர். மீட்டரைச் செருகினால் மீட்டர் போய்விடலாம். சூடேற்றும் நேரமெல்லாம் இரண்டு பக்கமும் ஒரு மெகா ஓம் மின்தடையால் இணைத்து வையுங்கள், அளக்கும்போது மட்டும் கழற்றுங்கள்.

ஆறிய பிறகு மறுபடி அறை வெப்பநிலையில் அளந்தால் எண்கள் பழைய இடத்துக்கே வராமல் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். புதுப் பட்டையில் முதல் சூடேற்றம் உள்ளே இருக்கும் முனைவுப் பகுதிகளைச் சற்றுக் கலைத்து அடுக்கிவிடும், அடுத்தடுத்த சுற்றுகளில் அந்த நகர்வு சிறிதாகிவிடும். அதனால் முதல் சுற்றை நம்பாமல், இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகு எடுத்த வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தன் சூட்டில் எவ்வளவு ஏறுகிறது

இப்போது பெட்டியை விட்டு வெளியே எடுத்து, லோடோடு டிரைவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அதற்கு முன்னால் உங்கள் பட்டைக்கு எவ்வளவு சூடு கட்டுப்படியாகும் என்று கணக்குப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிட 20, 25 டிகிரிக்கு மேல் ஏறவிடக் கூடாது என்பது பொதுவான வழக்கம். மேலே சொன்ன 8 மில்லிவாட்டை 25ஆல் பெருக்கினால் 0.2 வாட். அந்தப் பட்டை வீணாக்கலாம் என்று உங்களுக்கு அனுமதி இருப்பது மொத்தமே அவ்வளவுதான். திறன் 95 சதவீதம் என்றால் 4 வாட் வரை ஓட்டலாம், 90 சதவீதத்துக்கு இறங்கினால் 2 வாட்தான். ஐந்து சதவீதம் திறன் போனதற்குப் பாதி வாட்டேஜைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, லோடைச் சரியாகப் பொருத்துவதில் நேரம் செலவழிக்கச் சொல்வது இதனால்தான். சின்ன ஃபேன் வைத்தால் இந்த எல்லை நன்றாகவே உயரும், ஆனால் பட்டையின் மேல் நேராக அடிக்கிற காற்று ஒரே சீராக இருக்க வேண்டும்.

வெப்பநிலையை அளப்பதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. தெர்மோகப்பிளை ஒட்டினால் அதன் எடை அதிர்வைக் கெடுக்கும், உயர் வோல்டேஜ் பக்கம் ஒட்டினால் மீட்டரும் போகும். அகச்சிவப்பு வெப்பமானியோ பளபளப்பான வெள்ளியைப் பார்த்தால் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். முழு அலைப் பட்டையில் இதற்கு நல்ல வசதி உண்டு, முக்கால் பங்கில் இருக்கும் கணு வெறும் பீங்கான் பகுதியில் வருகிறது, அங்கே குறிவைத்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். வெள்ளிப் பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கணுவின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

ஒவ்வொரு டிரைவ் அளவிலும் வெப்பநிலையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு வளைந்து படுத்துவிட்டால் அந்த அளவு பாதுகாப்பானது. படுக்காமல் நேராகவே போனாலோ மேல்நோக்கி வளைந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள், சூடு இழப்பைக் கூட்டி இழப்பு சூட்டைக் கூட்டும் சுழலில் மாட்டிவிட்டீர்கள்.

இன்னொரு குழப்பமும் இங்கே வரும். அதிர்வு பலமானாலே, சூடு ஏறாவிட்டாலும், ஒத்ததிர்வு உச்சம் கீழ்ப்பக்கம் சாயும். மேலிருந்து கீழே வந்தால் ஓர் இடத்திலும் கீழிருந்து மேலே போனால் வேறோர் இடத்திலும் வெளியீடு சட்டென்று தாவும். இது சூட்டால் வந்ததா, அதிர்வால் வந்ததா என்று பிரிக்க, தொடர்ந்து ஓட்டாமல் நொடிக்கு ஒருமுறை 20 மில்லிநொடி மட்டும் டிரைவ் கொடுத்துப் பாருங்கள். அதிர்வு முழு உயரத்துக்கு வர அந்த நேரம் போதும், சூடேறப் போதாது. அப்போதும் உச்சம் நகர்ந்திருந்தால் சூட்டின் மேல் பழி போடாதீர்கள்.

படி 6: ஒத்ததிர்வின் எந்தப் பக்கம் நிற்பது

எனக்குக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. சூட்டில் அதிர்வெண் இறங்குகிற பட்டையை எடுத்துக்கொள்வோம். மாறாத அதிர்வெண்ணில், ஒத்ததிர்வுக்குக் கொஞ்சம் கீழே ஓட்டுகிறீர்கள் என்றால், பட்டை சூடாகச் சூடாக உச்சம் உங்களை நோக்கி வரும், அதிர்வு கூடும், சூடு இன்னும் கூடும், உச்சம் இன்னும் நெருங்கும், கடைசியில் பட்டை தெறிக்கும். கொஞ்சம் மேலே ஓட்டினால் உச்சம் உங்களைவிட்டு விலகும், வெளியீடு குறையும், சூடும் தானே அடங்கும். ஆகவே எப்போதும் உயர்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிக் கீழே இறங்கி, உச்சத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள். டிரைவ் சர்க்யூட்டின் டிரான்சிஸ்டர்களுக்கும் பொதுவாக அந்தப் பக்கமே சுகம். உங்கள் பட்டை சூட்டில் ஏறுகிற ரகம் என்று படி 4இல் தெரிந்தால் மட்டும் எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

வெளியீடு குறைவதை ஏற்க முடியாது என்றால் அதிர்வெண்ணைத் துரத்த வேண்டும். ஃபேஸ் லாக் லூப் என்கிற, தானே பின்தொடரும் சர்க்யூட்டைப் போடுகிறவர்கள் உள்ளீட்டு வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் இடையிலுள்ள கட்ட (ஃபேஸ்) வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் உள்ளீட்டு மின்தேக்குத்திறன் சூட்டில் உயர்வதால் பிடிக்க வேண்டிய கட்டமும் நகரும். ஆரம்பத்தில் எளிய வழியே போதும்: ஆர்டுயினோ அரை நொடிக்கு ஒருமுறை பத்து ஹெர்ட்ஸ் இறங்கிப் பார்க்கட்டும், வெளியீடு கூடினால் அங்கேயே இருக்கட்டும், குறைந்தால் திரும்பி ஏறட்டும். பட்டை சூடாவதற்கு நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த வேகம் தாராளம்.

ஆனால் துரத்த ஆரம்பித்த நொடியே, தானே அடங்கும் அந்தப் பாதுகாப்பைக் கழற்றி வீசிவிட்டீர்கள். உச்சம் எங்கே ஓடினாலும் நீங்களும் கூடவே ஓடுகிறீர்கள், சூட்டைத் தடுக்க யாரும் இல்லை. அதனால் துரத்தும் நிரலில் ஒரு கடிவாளம் கட்டாயம் வேண்டும். படி 4இல் எழுதிய அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டால் தனி வெப்பமானிகூட வேண்டாம், உச்ச அதிர்வெண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே பட்டையின் சூட்டை ஏறத்தாழச் சொல்லிவிடும். குறித்த அளவுக்குக் கீழே போனால் டிரைவைக் குறைக்கச் சொல்லுங்கள். பலத்த அதிர்வாலும் உச்சம் கொஞ்சம் சாயும் என்று பார்த்தோம் அல்லவா, அது கணக்கைப் பாதுகாப்பான பக்கமே தள்ளுகிறது, கவலை வேண்டாம்.

வெளியீடு போய்விட்டால் பார்க்க வேண்டிய வரிசை

அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, படி 3ஐ அப்படியே மறுபடி செய்யுங்கள். பழைய எண்களே வந்தால் சுருதிதான் விலகியது, டிரைவ் அதிர்வெண்ணைத் திருத்தினால் சரி. உச்சத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் குட்டிக் குட்டி உச்சங்கள் முளைத்திருந்தாலோ அதிர்வெண் ஒரேயடியாகத் தள்ளிப் போயிருந்தாலோ விரிசலைச் சந்தேகியுங்கள், கணுவைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறையும் அதிர்வெண்ணுக்கும் மிக உயரும் அதிர்வெண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி முன்பைவிடச் சுருங்கியிருந்தால் முனைவாக்கம் கொஞ்சம் போயிருக்கிறது. வீட்டில் மறுபடி முனைவாக்க எண்ணெய்த் தொட்டியும் பல கிலோவோல்ட் சப்ளையும் வேண்டும், புதுப் பட்டை வாங்குவதே மலிவு. இந்த மூன்றும் இல்லையென்றால் பட்டையை விட்டுவிட்டு வெளியீட்டு ஒயரின் சோல்டரைப் பாருங்கள்.